நெல் விளையும் நாட்டின் நுண்பசி

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். வாலாஜாபாத்துக்கு அண்மையில், பழையசீவரத்தின் எதிர்க்கரையில் அமைந்த இச்சிற்றூரின் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட சோழ வேந்தன் வீரராசேந்திரன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனை ஒன்றின் நடைமுறையை அது விரித்துரைக்கிறது. மருத்துவர்க்கும், அறுவை செய்வோர்க்கும், மூலிகை கொணர்வோர்க்கும், நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும் உரிய கூலி அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும், நோயாளர்க்கு நாள்தோறும் அளக்கவேண்டிய அரிசியும் அதே கணக்கில் இடம்பெறுகின்றன. நோய் தீர்த்தலும் உணவூட்டலும் ஒரே அறத்தின் இரு கூறுகள் என்று அந்நாளில் கருதினர்.

இவ்வட்டாரம் நெல்லுக்குப் பெயர்பெற்றது. தெற்கே உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ஒரு வாரியம் இருந்ததைக் காட்டுகின்றன. நீரைக் காத்து நெல்லைப் பெருக்கிய நாடு இது. இன்றோ, 2011ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றியே கிடைக்கிறது. ஆயினும் 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றித் தந்த கணக்கு நம்மைத் திகைக்கச் செய்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்குரிய உயரத்தை எட்டவில்லை. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினர்க்குக் குருதிச்சோகை உள்ளது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் அது 57.4 விழுக்காடு. குழந்தைகளின் சோகை, அதற்கு முந்தைய ஆய்வில் கண்ட 50.7 விழுக்காட்டினின்றும் உயர்ந்திருக்கிறது.

களஞ்சியம் நிறைந்திருக்கக் குருதி வெளிறுவது ஏன்? அரசு ஒருபுறம் முயன்றிருக்க, ஆதாயம் கருதாத தொண்டு நிறுவனங்கள் இக்குறையை நீக்க என்ன செய்தன? அவற்றுள் நிலைத்த பயன் தந்தவை எவை?

பசியின் இரு வகை

வயிறு உணரும் பசி ஒன்று. உடல் மட்டுமே உணரும் பசி மற்றொன்று. முன்னதை மாவுச்சத்து தணித்துவிடும். பின்னதை இரும்பு, அயோடின், துத்தநாகம், உயிர்ச்சத்துகள் முதலான நுண்ணூட்டங்களே தணிக்க வல்லவை. இவை நாள் ஒன்றுக்கு மில்லிகிராம் அளவிலோ அதனினும் குறைந்த அளவிலோ தேவைப்படுபவை. இவை குறைந்தால் வயிறு முறையிடுவதில்லை. தாய் எளிதில் களைக்கிறாள். குழந்தை மாலையில் கண் தடுமாறுகிறது. பள்ளியில் கவனம் சிதறுகிறது. சிறு நோயும் நெடுநாள் நீடிக்கிறது. ஆகவே இதனை நுண்பசி என்று குறிப்பது பொருந்தும்.

கருவுற்ற நாள் முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1000 நாள்கள் இவ்வகையில் முதன்மையானவை. மூளையின் கட்டமைப்பும் எலும்பின் நீளமும் பெரும்பாலும் இக்காலத்தில்தான் அமைகின்றன. அப்போது தவறியதைப் பின்னர் எத்துணை உண்டாலும் முழுதும் ஈடுசெய்தல் அரிது.

தவிட்டோடு போன சத்து

இந்தியாவில் ஊட்ட ஆய்வு தோன்றிய இடம் தமிழ்நாட்டின் குன்னூரே. 1918இல் இராபர்ட் மெக்காரிசன் அங்கு பாசுட்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது.

மெக்காரிசன் வெள்ளெலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை அவற்றுக்கு ஊட்டினார். முழுக்கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை சராசரியாக 235 கிராம் எடையுற்றன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை 155 கிராமிலேயே நின்றுவிட்டன. வயிறு நிறைதலும் உடல் வளர்தலும் வெவ்வேறு என்பதை அந்த எலிகளின் எடை மெய்ப்பித்தது.

குறை நெல்லில் இல்லை. அதைப் பதப்படுத்தும் முறையில் உள்ளது. நெல்மணியின் முளையிலும் தவிட்டுறையிலுமே பெரிபெரி வராமல் காக்கும் பி1 உயிர்ச்சத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஆலையில் வெண்மை வரும்வரை தீட்டும்போது அது தவிட்டோடு கழிந்து மாட்டுத்தொழுவத்தைச் சேர்கிறது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும் புழுக்கல் முறையிலோ வேறு நிகழ்கிறது. நீரில் கரையும் உயிர்ச்சத்துகள் தவிட்டுறையினின்று மணியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகின்றன. அவித்தலால் மாவுச்சத்து இறுகி அவற்றைப் பற்றிக்கொள்கிறது. பின்னர்த் தீட்டினாலும் அவற்றின் ஒரு பகுதி எஞ்சுகிறது. ஆந்திரக் கடற்கரையில் தீட்டிய பச்சரிசியை உண்டோரிடையே பெரிபெரி பரவியிருந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழகப் பகுதிகள் பெரிதும் தப்பியமைக்கு இதுவே காரணம். நெல்லவித்த நம் பெண்டிர்க்கு உயிர்ச்சத்தின் பெயர் தெரியாது; அதைக் காக்கும் வழி தெரிந்திருந்தது.

அதே காலத்தில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், பம்பாயின் ஆலைத்தொழிலாளர்களிடையே கருவுற்ற பெண்டிர்க்கு வரும் கடுஞ்சோகையை ஆராய்ந்தார். பின்னர்க் குன்னூரிலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படும் மருத்துவமனையிலும் அவ்வாய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாற்றுப் பசை ஒன்றைத் தந்தபோது அச்சோகை நீங்கியதைக் கண்டார். அதில் இருந்த பொருளே போலிக் அமிலம் எனப் பின்னர்த் தெரிந்தது. 1941இல் அது பசலை வகைக் கீரையினின்று பிரித்தெடுக்கப்பட்டது. இன்று நம் துணைச் சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாயர்க்கு இரும்போடு சேர்த்துத் தரப்படும் மாத்திரையில் உள்ளதும் அதுவே.

திருச்சிராப்பள்ளி தந்த மெய்ப்பு

மதுரையில் 1976இல் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஆதாயம் கருதாத அமைப்பு. ஏ உயிர்ச்சத்துக் குறையால் குழந்தைகள் பார்வை இழப்பதைக் கண்ட அவ்வமைப்பின் குழந்தைகள் மருத்துவமனை, அக்குறை உயிரையும் பறிக்கிறதா என்று வினவியது. லட்சுமி ரகமத்துல்லாவின் தலைமையில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர்களில் 15,419 குழந்தைகளைக் கொண்டு ஓராண்டு ஆய்வு நடந்தது. ஒரு பாதியினர்க்கு வாரந்தோறும் ஏ உயிர்ச்சத்தும் ஈ உயிர்ச்சத்தும் கலந்த சிறு அளவு தரப்பட்டது. மறுபாதியினர்க்கு ஈ உயிர்ச்சத்து மட்டும் தரப்பட்டது. ஊர்த் தொண்டர்கள் வாரந்தோறும் வீடுதேடிச் சென்று மருந்தூட்டி, நோயையும் இறப்பையும் பதிவுசெய்தனர்.

முடிவு 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. ஏ உயிர்ச்சத்துப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்று வயதுக்கு உட்பட்டோரும் நெடுநாள் ஊட்டக்குறையால் நலிந்தோருமே மிகுதியாகப் பயன்பெற்றனர். வாரத்துக்குத் தரப்பட்ட 2500 மைக்ரோகிராம், நல்ல உணவினின்றே பெறத்தக்க அளவுதான். குடல், மூச்சுப்பாதை ஆகியவற்றின் உட்சவ்வு கிருமிகளைத் தடுக்கும் அரணாகும். அவ்வரணைப் புதுப்பிக்கவும், நோயெதிர்ப்பு உயிரணுக்கள் முறையாகச் செயற்படவும் ஏ உயிர்ச்சத்து இன்றியமையாதது. அது குறைந்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் கொடியனவாகின்றன.

ஒரு தொண்டு மருத்துவமனையால் சில ஆயிரம் குழந்தைகளுக்கே மருந்தூட்ட முடியும். அது நிறுவிய மெய்ப்போ, உலக நாடுகள் பல கோடிக் குழந்தைகளுக்கு ஏ உயிர்ச்சத்து வழங்குதற்கு அடித்தளமான சான்றுகளுள் ஒன்றாயிற்று. இத்துறையில் தொண்டு நிறுவனங்களின் தலையாய பணி இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. ஊட்டுதலை அரசு செய்யும். எதனை, யாருக்கு, எப்பொழுது ஊட்டினால் பயன் விளையும் எனச் சிறு களத்தில் அளந்து காட்டுதல் தொண்டு நிறுவனத்தின் கடன்.

நம் மதிய உணவின் வரலாறும் இத்தகையதே. 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய சிறு முயற்சி, 1956இல் காமராசரால் மாநிலமெங்கும் விரிந்தது. 1961 முதல் கேர் என்னும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் உணவுப்பொருள் தந்து தோள்கொடுத்தது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபின், அயல்நாட்டுக் கொடையின்றியே அது நிலைபெற்றது. பின்வந்த அரசுகள் முட்டையைச் சேர்த்தன. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஓர் ஆட்சி தொடங்கியதை மற்றோர் ஆட்சி வளர்த்த அரிய பணி இது.

குடலும் ஊட்டமும்

வாயில் இட்டதெல்லாம் உடலைச் சேர்வதில்லை. பாலாற்றின் மேற்புறத்தே வேலூரில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி, எட்டு நாடுகளில் நடந்த பேராய்வு ஒன்றின் இந்தியக் களமாக விளங்கியது. குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து கண்காணித்து, அவர்தம் மலத்தில் கிருமிகளையும், உடலில் வளர்ச்சியையும் அவ்வாய்வு அளந்தது. வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தையின் குடலிலும் நோய்க்கிருமிகள் குடிகொண்டிருத்தலும், அவை மிகுந்த குழந்தைகளின் வளர்ச்சி குன்றுதலும் அதனால் தெளிவாயின.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் உள்ளன. மாசுற்ற நீராலும் சூழலாலும் கிருமிகள் ஓயாது புகும்போது அவை தேய்ந்து மழுங்குகின்றன, குடல் அழற்சியுறுகிறது, உண்ட சத்து உறிஞ்சப்படாது கழிகிறது. கொக்கிப்புழு இருப்பின் அது குருதியையே உறிஞ்சி இரும்பை இழக்கச் செய்யும். ஆகவே கழிப்பறையும் தூய குடிநீரும் காலணியும் கூட ஊட்டச்சத்துத் திட்டத்தின் உறுப்புகளே. உணவுப் பொட்டலம் மட்டும் வழங்கும் தொண்டு, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

காஞ்சி வட்டாரத்தில்

காஞ்சிபுரத்தில் 2002இல் பணி தொடங்கிய ஹேண்ட் இன் ஹேண்ட் என்னும் தொண்டு நிறுவனம், பட்டுத்தறியில் உழன்ற சிறாரை மீட்டுப் பள்ளிக்கு அனுப்புவதையும், மகளிர் குழுக்களை அமைத்துச் சிறுதொழிலுக்கு வழிகாட்டுவதையும் முதற்பணிகளாகக் கொண்டது. இவற்றை ஊட்டப்பணி என்று எவரும் எளிதில் கருதார். ஆனால் தறிமேடையில் இருந்த சிறுவன் பள்ளிக்குச் சென்றால், நண்பகலில் சோறும் முட்டையும் அவனை வந்தடைகின்றன. தாயின் கையில் தனக்கென்று சிறு வருவாய் இருந்தால், பருப்பும் பாலும் வீட்டுக்குள் வருவதற்கு வழி பிறக்கிறது. ஊட்டக்குறையின் வேர் பல வேளைகளில் அடுப்பங்கரைக்கு வெளியே இருக்கிறது.

சென்னையில் இயங்கும் இந்திய அறிவுமுறைகள் மையம், பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் மரபு நெல்வகைகளைத் திரட்டிப் பேணி, உழவர்க்கு விதையாக வழங்கும் பணியில் ஈடுபட்டது, வீட்டுத்தோட்டத்தையும் பரப்பியது. எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், இவ்வட்டாரத்துக்கு அப்பால் கொல்லிமலையில் சாமை முதலிய சிறுதானியங்கள் மறையாது காக்க முனைந்தது. உமி நீக்கும் பொறிகளைத் தந்து பெண்டிரின் உழைப்பைக் குறைத்தது. விளைவிக்கும் பயிரிலேயே ஊட்டத்தைத் திட்டமிடவேண்டும் என்பது அந்நிறுவனத்தின் கொள்கை.

காஞ்சி வட்டாரத்தின் மற்றொரு பாடம் சூனாம்பேட்டிலிருந்து வருகிறது. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, இன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அப்பகுதியில், 2006இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் உலக நீரிழிவு அமைப்பின் துணையோடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் இணைப்புடைய மருத்துவ ஊர்தி 42 சிற்றூர்களுக்குச் சென்றது. 27,014 பெரியவர்களில் 23,449 பேர் சோதிக்கப்பட்டனர். நோயுற்றோர்க்கு ஊரிலேயே மருத்துவமும் உணவு அறிவுரையும் கிடைத்தன. ஓராண்டில் அவர்தம் சராசரி மூன்றுமாதச் சர்க்கரை அளவு 9.3 விழுக்காட்டினின்று 8.5 ஆகத் தாழ்ந்தது.

பசியைப் பேசும் இடத்தில் நீரிழிவு ஏன் வருகிறது? இரண்டும் ஒரே தட்டினின்று தோன்றுவதால் வருகிறது. கருவில் ஊட்டம் குன்றிய குழந்தை, எடை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் பிறப்பதைப் புனேயில் சி. எஸ். யாக்னிக் குழுவினர் காட்டினர். அக்குழந்தை வளர்ந்தபின் தீட்டிய அரிசியை மிகுதியாக உண்டு, உழைப்புக் குறைந்து வாழ்ந்தால், நீரிழிவு எளிதில் பற்றுகிறது. தமிழகப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையினர் என்று அதே குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஒரே இல்லத்தில் தாய் பருத்தும், அவள் குருதி வெளிறியும், மகவு குட்டையாகவும் இருத்தல் இன்று அரிதன்று. மேற்குறித்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமே நார்ச்சத்து மிகுந்த வெள்ளரிசி ஒன்றை உருவாக்கிச் சோதித்தது. குருதிச் சர்க்கரையை உயர்த்தும் குறியீடு வழக்கமான அரிசிக்கு 79.2 ஆக இருக்க, அதற்கு 61.3 ஆகவே இருந்தது. அரிசியை விலக்காமலே அரிசியைத் திருத்த இயலும் என்பதற்கு இது சான்று.

அடுப்பங்கரை அறிவியல்

இவ்வாய்வுகளின் பயனை வீடு பெறுதற்குப் பெருஞ்செலவு வேண்டா. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைந்த மெத்தியோனின் அரிசியில் உள்ளது. ஆகவே பொங்கலும் இட்டலியும் பருப்புச்சோறும் தம்முள் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் உணவுகள். குழம்பில் பருப்பின் அளவு சுருங்கி, சோற்றின் அளவு பெருகும்போது இச்சமன் குலைகிறது.

கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படாத வகையினது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றின் சி உயிர்ச்சத்து உடன்சேர்ந்தால் உறிஞ்சுதல் மிகும். உணவோடு பருகும் தேநீரின் துவர்ப்பொருளோ அதைத் தடுக்கும்; உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணிநேரமேனும் விடுதல் நன்று. முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் உள்ள கரோட்டின், கொழுப்பு இருந்தால்தான் குடலில் ஏறும். கீரையைச் சிறிது எண்ணெயில் தாளிப்பது சுவைக்காக மட்டும் அன்று. சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் அதில் கரைந்த பி உயிர்ச்சத்துகளும் போகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு நெகிழ மசித்த பருப்பும் சோறும் முட்டையும் கீரையும் என்பது குழந்தைக்குரிய முறை. நீர்த்த கஞ்சி அதன் சிறு வயிற்றை நிரப்பிச் சத்தைத் தராது ஏமாற்றும்.

சோகை மிக்க தாய்க்கு உணவு மட்டும் போதாது. கருவுற்றவளின் குருதியில் செந்நிறமி டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. அவள் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை விடாது உட்கொள்ளவேண்டும். மாத்திரை வழங்கப்படுகிறது, உட்கொள்ளப்படுகிறதா என்பதே வினா. வயிற்றுப்புரட்டலும் மலத்தின் கருமையும் கண்டு பலர் நிறுத்திவிடுகின்றனர். வீடுதேடிச் சென்று அச்சம் நீக்கும் ஊர்த் தொண்டர், இவ்விடத்தில் மருந்துக்கு நிகரானவர்.

முடிபு

நூறாண்டுப் பட்டறிவு மூன்று உண்மைகளைத் தெளிவுறுத்துகிறது. அரிசி மிகுதி ஊட்டத்துக்கு உறுதியன்று. ஊட்டம் தட்டில் மட்டுமின்றி நீரிலும் தறியிலும் தாயின் வருவாயிலும் தங்கியிருக்கிறது. தொண்டு நிறுவனங்களின் நிலைத்த கொடை, அவை வழங்கிய உணவினும் அவை அளந்து நிறுவிய அறிவே.

ஆதலின் இப்பணிக்குப் பொருள் தருவோரும் இளைஞரும் ஒன்றைக் கேட்டறிதல் வேண்டும். எத்தனை பொட்டலம் வழங்கப்பட்டது, எத்தனை முகாம் நடந்தது என்னும் எண்ணிக்கை போதாது. ஓராண்டுக்குப்பின் அவ்வூர்க் குழந்தைகள் எத்துணை உயர்ந்தனர், தாயரின் குருதியில் செந்நிறமி எத்துணை ஏறியது என்பதற்கு விடை சொல்லும் நிறுவனத்துக்கே துணைநிற்க வேண்டும். வாலாஜாபாத், உத்திரமேரூர் ஒன்றியங்களின் அங்கன்வாடிகளில் எடைபார்க்கும் கருவியும் உயரம் அளக்கும் கோலும் உண்டு. அவற்றின் கணக்கை ஊரவை கூடும்போது வெளிப்படையாகப் படித்துக் காட்டுக. வளராத குழந்தையின் வீட்டை அவ்வாரமே சென்று காண்க. அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை; ஊரார் மனம் வைத்தாலே போதும்.